"வூட்ல சும்மாதாங்க இருக்கேன்"

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு தெருவுக்குள் போய், தறிச்சத்தம் கேட்கிற ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள்.

"வீட்டுக்காரர் என்னம்மா செய்றார்?"

"நெய்றாருங்க."

"நீங்க?"

"நானா? வூட்ல சும்மாதாங்க இருக்கேன்."

இந்தப் பதிலைச் சொல்லும்போது அந்த அம்மாவின் கை சும்மா இருக்காது. ராட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஊடைக்கு வேண்டிய பட்டு நூலைத் தாரில் ஏற்றிக்கொண்டே "சும்மா இருக்கேன்" என்று சொல்வார்! பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். கேட்கிறவர்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆண் என்றால் இது, பெண் என்றால் இது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்துவதில்லை. வீடும் ஊரும் சேர்ந்து, சத்தமே இல்லாமல் கற்றுக் கொடுத்துவிடுகின்றன. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்குக் காஞ்சிபுரத்தை விட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் இங்கே வீடுதான் தொழிற்சாலை. பாடமும் அங்கேதான், சம்பளமும் அங்கேதான்.

ஒரு பட்டுப்புடவை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. பட்டில் இருக்கிற பசையைப் போக்கி, சாயம் போட்டு, காயவைத்து, பிரித்துச் சுற்றி, பாவுக்கு ஒரு பக்கமும் ஊடைக்கு ஒரு பக்கமுமாகப் பிரிக்க வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிச்சுப் போட வேண்டும். பிறகு அதைத் தறியில் ஏற்றி, பழைய பாவின் நுனியோடு புதிய இழைகளை ஆயிரக்கணக்கில் பிணைக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒருவர் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்காருகிறார். அவருக்குத்தான் "நெசவாளி" என்று பெயர். மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தவருக்குப் பெயர் கிடையாது. "கூடமாட ஒத்தாசை", அவ்வளவுதான். கூலி புடவைக்கு இவ்வளவு என்று வருகிறது. அது நெய்தவர் கைக்குப் போகிறது. தார் சுற்றியதற்கு என்று தனியாக எந்தக் கணக்கும் வீட்டுக்குள் எழுதப்படுவதில்லை. இதே தாரை வெளி ஆளிடம் கொடுத்துச் சுற்றச் சொன்னால் காசு கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மனைவி சுற்றினால் அது அன்பு :-)

இதை விட வேடிக்கையானது கோர்வை விஷயம்.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு, சேருகிற இடத்தில் ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொள்ளும். இதற்கு மூன்று நாடா வேண்டும். அதனால் ஒரே ஆள் இதைத் தனியாக நெய்வது பெரும்பாடு. தறிக்குழியில் ஒருவர், பக்கத்தில் இன்னொருவர். பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவை வாங்கிக் கோர்த்துத் திருப்பி விட வேண்டும். ஒவ்வொரு இழைக்கும்! அவருக்குக் கவனம் தப்பினால் கரையும் உடலும் சேருகிற கோடு பல்லிளித்துவிடும். 2005-06 இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தரத்துக்குக் காரணமான நாலு கைகளில் இரண்டு கை பக்கத்து ஆளுடையது. ஆனால் அந்த ஆளைக் கேட்டால், அவரும் "சும்மாதான்".

அந்தப் பக்கத்து இடத்தில் யார் உட்காருவது? இதற்குப் பின்னால் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. ரொம்ப காலத்துக்கு அங்கே உட்கார்ந்தது குழந்தைகள். தறிக்காரரிடம் பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடன் தீரும் வரை பிள்ளை தறியில் இருக்க வேண்டும். பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 இல் வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், உத்தரப் பிரதேசத்தோடு தமிழ்நாடும் வருகிறது, காஞ்சிபுரமும் வருகிறது. 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. சொந்தக் குடும்பத்தார் துணையோடு நடக்கிற பட்டறைக்கு அந்தத் தடை பொருந்தாது. "எங்க வீட்டுப் பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டால் போதும். குடும்பம் என்ற வார்த்தைக்கு எவ்வளவு சக்தி பாருங்கள்! வெளியே செய்தால் குற்றமாக இருப்பது வீட்டுக்குள் நடந்தால் வளர்ப்பு ஆகிவிடுகிறது. 2016 இல் திருத்தம் வந்த பிறகும், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வழி விடப்பட்டிருக்கிறது.

பையனும் பெண்ணும் ஒரே பலகையில் பக்கத்து ஆளாக உட்கார்ந்திருப்பார்கள். வித்தியாசம் பிறகுதான் தொடங்கும். பையனுக்குக் கால் எட்டியதும் குழியில் இறக்கிவிடுவார்கள். அவனுக்குத் தொழில் கைமாறிவிட்டது. பெண்ணுக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் வராது. காரணம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு. அவளுக்குக் கத்துக்கொடுத்து என்னா ஆவப்போவுது?" அந்த இன்னொரு வீட்டில் அவளை எதற்காகப் பெண் பார்த்தார்கள்? அங்கே ஒரு தறி இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்! கற்றுக்கொண்டது போதும், முழுவதும் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான் அங்கே கணக்கு.

பெண்கள் காஞ்சியில் நெய்வதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழியில் உட்கார்ந்து அருமையாக நெய்கிற பெண்கள் இருக்கிறார்கள். கணவன் இறந்த பிறகு, அல்லது கணவன் வேறு வேலைக்குப் போன பிறகு இறங்கியவர்கள் அவர்களில் நிறைய. அதாவது ஆள் இல்லாதபோது அவளால் முடிகிறது. ஆள் இருக்கும்போது மட்டும் முடியாது.

"அது கஷ்டமான வேலைங்க, பொம்பளைங்க உடம்பு தாங்காது" என்பார்கள். மிதியை நாள் முழுக்க மிதிக்க வேண்டும், ஜரிகைப் புடவையின் கனம் வேறு, இடுப்பு விட்டுப்போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்படியே வடகிழக்குப் பக்கம் போய்ப் பாருங்கள். அசாமில் சுவால்குச்சி என்று ஒரு பட்டு ஊர் இருக்கிறது. அங்கே தறியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். அசாமியக் கிராமங்களில் நெய்யத் தெரியாத பெண் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்களாம், இங்கே சமைக்கத் தெரியாத பெண்ணைப் பார்ப்பது மாதிரி! நாகர் மக்களிடையே நெசவு முழுக்க முழுக்கப் பெண்களின் வேலை. பல நாகர் குழுக்களில் ஆண் தறியைத் தொடுவதே கூடாது என்ற வழக்கம் இருந்திருக்கிறது. 2019-20 இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறி வேலையில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய 72 சதவீதம் பெண்கள். இந்தியாவின் சராசரி நெசவாளி ஒரு பெண்! காஞ்சிபுரத்தில் நின்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அமெரிக்காவில் இன்னும் அழகான ஒரு உதாரணம் உண்டு. அரிசோனா பக்கத்தில் ஹோப்பி, நவஹோ என்று இரண்டு பூர்வகுடிகள். அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர்கள். ஹோப்பி மக்களில் நெய்வது ஆண்கள், நவஹோ மக்களில் நெய்வது பெண்கள். வெயிலும் ஒன்றுதான், கம்பளி நூலும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் கேட்டால் "இது இயற்கையிலேயே அப்படித்தான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள் போல.

நூல் நூற்பதில் மட்டும் உலகம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணை 'ஸ்பின்ஸ்டர்' என்பார்கள். அந்த வார்த்தைக்கு முதல் அர்த்தம் நூல் நூற்கிறவள் என்பதுதான். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பிழைக்க இருந்த வழிகளில் முக்கியமானது நூற்பு. அதனால் தொழில் பெயரே அவள் நிலைக்குப் பெயராகிவிட்டது. இது வெள்ளைக்காரன் கதை என்று விட்டுவிட முடியாது. நற்றிணையில் ஒரு பாட்டில் ஆண்துணை இல்லாத பெண்கள் நூற்ற நுண்ணிய நூல் ஓர் உவமையாக வருகிறது. புறநானூற்றிலும் பஞ்சு வேலை செய்யும் பெண்கள் வருகிறார்கள். சங்க காலத்திலும் துணை இல்லாத பெண்ணுக்கு நூல்தான் சோறு. இரண்டு மொழிகள், நடுவில் கடல், ஆனாலும் அதே பெண், அதே கதிர்! இரண்டாயிரம் வருஷம் கழித்து அந்த நூல் தாராக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஊரின் நம்பிக்கைகள் என்ன சொல்கின்றன என்றும் பார்க்க வேண்டும். காஞ்சி நெசவாளர்களில் பல சமூகங்கள் உண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு மூலக்கதை உண்டு. தாமரை நூலில் தேவர்களுக்கு ஆடை நெய்த மார்க்கண்டேயர் வழி வந்தவர்கள் என்று ஒரு கதை. தேவலர் என்ற முனிவரின் வழி என்று ஒரு கதை. முருகனுடைய படைத்தளபதிகளான நவவீரர்களின் வழி என்று செங்குந்தர்கள் சொல்வார்கள். கவனித்தீர்களா? முதல் நெசவாளி எல்லாக் கதையிலும் ஆண். தார் சுற்றிக் கொடுத்தது யார் என்று ஒரு கதையும் சொல்வதில்லை.

ஆனால் அதே ஊரின் தெய்வம் காமாட்சி! காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது, ஊருக்கே ஒரே அம்மன் காமாட்சிதான் என்பார்கள். கரும்பு வில்லோடு பத்மாசனத்தில் தனியாக, ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலபுராணத்தைக் கேட்டால் மட்டும் கதை வேறு மாதிரி போகும். மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வைத்துத் தவம் இருக்கிறாள். வெள்ளம் வருகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் லிங்கத்தைக் கட்டி அணைத்துக்கொள்கிறாள். அந்தப் பக்திக்குப் பரிசு கல்யாணம். ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனி உத்திரத்தில் அந்தக் கல்யாணம் வருஷா வருஷம் நடக்கிறது. ஊர்ப் பெண்கள் வளரும்போது இரண்டையும் பார்த்துத்தான் வளர்கிறார்கள். ராணியாக உட்கார்ந்திருப்பவளையும், வெள்ளத்தில் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவளையும். வீட்டில் பெரியவர்கள் எடுத்துச் சொல்வது என்னவோ இரண்டாவது அம்மனைத்தான்.

இதிலே ஆணுக்கு எல்லாம் லாபம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் குழியில் இறக்கிவிடப்பட்ட பையனை "உனக்கு என்ன பிடிக்கும்" என்று யாரும் கேட்கவில்லை. சம்பாதிக்கிறவன், தங்கச்சி கல்யாணத்தை முடிக்கிறவன், கடனுக்குப் பொறுப்பு சொல்கிறவன் எல்லாம் அவனே. பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' படம் பார்த்தவர்களுக்கு இது புரியும். தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை தருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வாழ்நாள் எல்லாம் பட்டு நெய்தும் ஒரு புடவைக்கு வழி இல்லாமல் தவிக்கிற நெசவாளியாகப் பிரகாஷ்ராஜ் நடித்திருப்பார். 2007 ஆம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் என்று இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. அந்த அப்பாவை முறிப்பது வறுமை மட்டும் இல்லை. அப்பா என்றால் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று அவரே தன் தலையில் ஏற்றிக்கொண்ட வாக்கும்தான். படத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் குறை. எல்லாரும் அந்த அப்பாவைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். மகளுக்குப் பட்டுப்புடவைதான் வேண்டுமா என்று யார் கேட்டார்கள்?

இந்த ஊர் மாற்றத்தைப் பார்க்காத ஊர் இல்லை. அண்ணா பிறந்த ஊர். 1909 இல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவரை வளர்த்தது சிற்றன்னை இராசாமணி அம்மையார். 'தொத்தா' என்று கூப்பிடுவாராம். கைத்தறி நெசவாளர்கள் தவித்தபோது 1953 இல் அண்ணாவே கைத்தறித் துணியைத் தெருவில் விற்றார். முதலமைச்சர் ஆனதும் 1967 இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொண்டுவந்தார். அதற்கும் முன்னால், 1929 பிப்ரவரியில், அப்போது இந்த ஊர் இருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக வந்தது 1989 இல். சரியாக அறுபது வருஷம்! அதுவும், சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணம் ஆன மகளுக்கு அது பொருந்தாது என்று ஒரு வரி. நாடு முழுக்க வர 2005 ஆனது.

சட்டம் வந்த பிறகு தறி யாருக்குப் போகிறது? மகனுக்குத்தான். வீட்டில் பங்கு கேட்கிற மகள் கூடத் தறியில் பங்கு கேட்பதில்லை. கேட்டு என்ன செய்வாள்? அவளுக்குக் குழியில் இறங்கக் கற்றுத் தரவில்லையே.

இப்போது காட்சி மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான். 2006 இல் நோக்கியா தொழிற்சாலை திறந்தபோது அங்கே போய் உட்கார்ந்தது பெரும்பாலும் இளம்பெண்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. ஆனால் பேருந்துகள் நிற்கவில்லை, வேறு கம்பெனிகள் வந்துவிட்டன. விடியற்காலையில் அம்மா தெருவில் பாவுக்குக் கஞ்சி போடுகிற நேரத்தில் மகள் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறாள். தார் சுற்றிய விரல்களுக்குச் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துவது பெரிய விஷயம் இல்லை. முதல் முறையாக அவள் பெயரில் ஒரு சம்பளச் சீட்டு வருகிறது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டதும் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தச் சாலையில் உட்கார்ந்தவர்களிடம் போய் "நீங்க சும்மாதான் இருக்கீங்களா" என்று கேட்டிருக்க முடியுமா?

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். கல்யாணம் ஆன பெண்களை அந்த ஐபோன் ஆலையில் வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது, அரசு விளக்கம் கேட்டது. செய்தியில் சொல்லப்பட்ட காரணங்களைப் படித்தால் காஞ்சிபுரத்து மாமியார் பேசுவது மாதிரியே இருக்கும். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு, நகை. தறிக்கு மனைவிதான் வேண்டும், கல்யாணம் ஆகாத மகள் "இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்". ஆலைக்கு மகள் மாதிரி இருக்கிறவள்தான் வேண்டும், மனைவி ஆனவள் தொந்தரவு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை.

கோர்வைத் தறிகளில் பக்கத்து இடம் காலியாகிக்கொண்டு வருவதற்கு இதெல்லாம்தான் காரணம். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் (போகட்டும், ரொம்ப நல்லது). மகள் கம்பெனிக்குப் போகிறாள். மகனும் தறியில் உட்காருவதில்லை. அவனுக்கும் கம்பெனிதான், இல்லை காலேஜ். தறிக்கார மாப்பிள்ளை வேண்டாம் என்று பெண் வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஐம்பது வயது அப்பாவும், "சும்மா" இருக்கிற அம்மாவும். அந்த அம்மாதான் சமையலை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருகிறார். அவரும் முடியவில்லை என்றால், கோர்வை இல்லாமல் ஒரே ஆள் நெய்கிற மாதிரி டிசைனை மாற்றிக்கொள்கிறார்கள்.

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்றைக்குக் காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள். ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும் என்று கேலி செய்தவர்கள் உண்டு, ஓட்டுக்காக என்றவர்கள் உண்டு. அதெல்லாம் இருக்கட்டும். அதன் பெயரைக் கவனியுங்கள், "உதவி" என்று வைக்காமல் "உரிமை" என்று வைத்தார்கள். வீட்டுக்குள் பெண் செய்கிற வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அரசாங்கமே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையார்பாளையத்து அம்மா ஒருவர் கணக்குப் போட்டால், எத்தனை வருஷத் தார், எத்தனை பாவு, எத்தனை ஆயிரம் கோர்வை என்று போய்க்கொண்டே இருக்கும். அவர் கணக்குப் போட மாட்டார் என்பது வேறு விஷயம்.

பணம் வங்கிக் கணக்குக்கு வந்ததும் போனில் ஒரு குறுஞ்செய்தி வரும். அந்தப் போன் யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறது.